அதை மட்டும் கேட்காதீங்க

நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டால், ஆளையே கட்டிலில் படுக்க வைத்தாலும் அது இறங்காது. அதற்குத் தம்பியைவிட நல்ல சாட்சி கிடையாது. தலையைச் சுற்றிக் கட்டு, கையில் ஊசிக் குழாய், கழுத்துவரை ஆஸ்பத்திரிப் போர்வை. அந்தக் கோலத்திலும், டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கே தன் வேலையைக் காட்டிவிட்டான். பக்கத்தில் நின்ற அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அது தலைக்காயக்காரர்கள் வார்டு. அங்கே தலையில் அடித்துக்கொண்டால் அவளுக்கும் ஒரு கட்டில் போட்டுவிடுவார்கள்.

தம்பி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக் என்றால், பக்கத்து சீட்டில் இவன் காலடியிலும் ஒன்று. அதனால் மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். அந்தப் பிரேக்கை மிதித்து மிதித்தே ஊரில் பாதிப் பேரின் உயிரைக் காப்பாற்றியவன், தன் காலுக்குக் கீழே பிரேக் இல்லாத ஏணியில் ஏறினான். எதற்கு? 'அவசரம் ஆபத்து' என்று எழுதிய புதுப் பலகையை ஸ்கூல் வாசலில் மாட்டுவதற்கு. ஆணியடிக்க வரச் சொன்ன ஆள் வரும்வரை பொறுக்க முடியவில்லை துரைக்கு. பலகை மேலேயே நின்றது, இவன் மட்டும் கீழே வந்தான். செய்தியைக் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் 'ஐயோ பாவம்' என்றார்கள்.

விழுந்த அன்று எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "ரெண்டு நாள் வச்சுப் பார்த்துட்டு அனுப்பிடறோம்" என்று சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு நாள் இன்றோடு முடிகிறது. டாக்டர் வந்து நாலு கேள்வி கேட்பார், ஒழுங்காகப் பதில் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். சொல்லாவிட்டால் மறுபடி ஸ்கேன், மறுபடி கட்டில். அதுகூடப் பரவாயில்லை. காகிதத்தில் 'குழப்பம்' என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் பிழைப்பே போச்சு. டிரைவிங் ஸ்கூல் முதலாளி போனில் பச்சையாகவே சொல்லிவிட்டார்: "தலை சரியா இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா மாஸ்டர் வண்டியில உக்காரட்டும். இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். என் வண்டியில ஏறுறது பச்சைப் புள்ளைங்க, அம்மா." அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அந்தப் பக்கத்து சீட் இல்லாவிட்டால் இவன் பைத்தியமாகிவிடுவான் என்பது அக்காவுக்குத் தெரியும். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல், அவள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, அந்தக் காரையே குடும்பமாக நினைத்து வாழ்கிறவன்.

அதனால்தான் காலையிலேயே அவனுக்கு முகம் கழுவிவிட்டு, தலைமுடி வெளியே தெரிந்த இடத்தில் மட்டும் வாரிவிட்டு, "டேய், டாக்டர் கேட்டா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் வாய்க்கொழுப்பை எல்லாம் வீட்டுக்கு வந்து காட்டிக்கோ" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவனும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

டாக்டர் சின்னப் பெண். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இல்லாவிட்டால் கல்லூரிக்குப் போகிற பெண் என்றே நினைக்கத் தோன்றும். பின்னால் நர்ஸ், கையில் நோயாளியின் காகிதங்கள் செருகிய அட்டை.

"சார், எப்படி இருக்கீங்க? நான் சில கேள்வி கேப்பேன், பதில் சொல்லணும். இப்ப இது எந்த வருஷம்?"

தம்பி வலது கையை மெதுவாகத் தூக்கினான். காதோரத்தில் எதையோ பிடித்துக் கழற்றினான். கழற்ற அங்கே ஒன்றுமே இல்லை. அந்த இல்லாத பொருளைப் போர்வை நுனியால் இந்தப் பக்கம் துடைத்தான், அந்தப் பக்கம் துடைத்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், திரும்ப மாட்டிக்கொண்டான். எதிர்ச்சுவரின் உச்சியை நிதானமாக ஒரு பார்வை பார்த்தான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி,

"அதை மட்டும் கேட்காதீங்க. மத்ததெல்லாம் கேளுங்க" என்றான்.

டாக்டர் புருவத்தை லேசாகச் சுருக்கினாள். "சரி. நீங்க இப்ப எங்கே இருக்கீங்க?"

மறுபடியும் கை தூக்கல், கழற்றல், துடைத்தல், சுவர். "அதை மட்டும் கேட்காதீங்க. மத்ததெல்லாம் கேளுங்க."

"எப்படி அடிபட்டுதுன்னு ஞாபகம் இருக்கா?"

"அதை மட்டும் கேட்காதீங்க."

டாக்டர் நர்ஸ் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னாள். "எழுதிக்குங்க. காத்துல எதையோ பிடிக்கிறார். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றார். குழப்பம்…"

"எழுதாதீங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் எதிர்க்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "டாக்டரம்மா, தயவு செஞ்சு எழுதாதீங்க. அது குழப்பம் இல்ல. அது ஜோக்."

டாக்டர் தம்பியைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். "எது?"

"இப்ப இவன் செஞ்சது."

"அதுல ஜோக் எங்கே இருக்கு?"

அது நியாயமான கேள்வி. முப்பத்தைந்து வருஷமாக அக்காவே கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி.

கடவுளுக்கும் குறும்பு உண்டு போலிருக்கிறது. உலகத்தில் ஜோக்கை விளக்கவே கூடாத ஒரு ஆள் இருந்தால் அது அக்காதான். கோர்ட்டில் தட்டச்சர் அவள். சாட்சி அழுதாலும், வக்கீல் கத்தினாலும், திருடன் தமாஷ் பண்ணி நீதிபதியே வாயைப் பொத்திக்கொண்டாலும், அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. விரல்கள் மட்டும் ஓடும். தம்பி அவளைக் கூப்பிடுவதே 'கோர்ட்டு' என்றுதான். அதிலும் இந்தக் குறிப்பிட்ட ஜோக்கை அவள் வெறுத்த மாதிரி எந்தக் குற்றவாளியையும் வெறுத்ததில்லை. பரீட்சையில் எத்தனை மார்க் என்று அப்பா கேட்டபோது இதைச் சொல்லி அறை வாங்கினான். ஒரு பெண் வீட்டார் வந்து "மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று மரியாதையாகக் கேட்டபோது இதைச் சொன்னான், அவர்கள் போனவர்கள் போனவர்கள்தான். மாடி அறை விளக்கை அணைத்தாயா என்று கேட்டால்கூட இதுதான் பதில். ஒரு தடவைகூட அவள் சிரித்துக் கொடுத்ததில்லை. சிரித்தால் இன்னும் முப்பத்தைந்து வருஷம் தாங்க வேண்டும் என்று பயம்.

இப்போது அதே சனியனுக்கு அவள் வக்காலத்து வாங்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாயைத் திறந்துவிட்டு ஹாயாகப் படுத்திருக்கிறது, அக்காதான் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

"எங்க சின்ன வயசுல டிவியில ஒரு தொடர் வந்துது, டாக்டரம்மா. 'விசாரணை இங்கே'ன்னு பேரு."

"போலீஸ் கதையா?"

"இல்ல, காமெடி. ரயில்வே ஸ்டேஷன்ல விசாரணை ஜன்னல்னு ஒண்ணு இருக்கும். அதுக்குள்ளே உக்காந்திருக்கிற ஆளைப் பத்தின கதை."

"என்ன ஜன்னல்?"

"ரயில் எத்தனை மணிக்கு வரும், எந்த பிளாட்பாரத்துல வரும்னு கேக்கற ஜன்னல்."

"அதைப் போய் ஒரு ஆள்கிட்டயா கேப்பாங்க?"

"வேற எப்படிம்மா தெரியும்?"

டாக்டரின் கை தன்னையறியாமல் கோட்டுப் பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தது. "போன் இல்லையா அப்போ?"

"இருந்துது. அதை வீட்டுச் சுவத்துல கட்டிப் போட்டிருந்தாங்க."

நர்ஸ் இதற்குச் சிரித்தாள். அக்கா இதை ஜோக்காகச் சொல்லவே இல்லை.

"சரி, அந்த ஜன்னல் ஆளு என்ன பண்ணுவாரு?" டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேலியாக இல்லை, நோயாளியின் குடும்பத்தார் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்று படித்த படிப்பு அவள் முகத்தில் எழுதியிருந்தது. அதுதான் அக்காவை இன்னும் கொன்றது.

"அவருக்கு ஒண்ணுமே தெரியாது, டாக்டரம்மா. எந்த வண்டி எப்ப வரும், எங்கே போகும், ஒண்ணும் தெரியாது. ஆனா தெரியாதுன்னு வாயால ஒத்துக்க மாட்டார். வெக்கம். அதனால யாரு என்ன கேட்டாலும், கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். தலைக்கு மேல ஸ்டேஷன் கடிகாரம் இருக்கும், அதை ஒரு தடவை பார்ப்பார். அப்புறம், அதை மட்டும் கேட்காதீங்க, மத்ததெல்லாம் கேளுங்கன்னு சொல்வார்."

டாக்டர் காத்திருந்தாள். நர்ஸும் காத்திருந்தாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா சிரிச்சீங்க?"

"நான் சிரிக்கல. ஊரே சிரிச்சுது."

"ஏன்?"

அடக் கடவுளே. ஒரு ஜோக்கை விளக்குவது பழைய குழாயைச் சரிசெய்கிற மாதிரி. ஒரு இடத்தை அடைத்தால் வேறு இடத்தில் ஒழுகும். அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் டிவி என்றால் ஒரே சேனல்தான், அதுவும் கருப்பு வெள்ளை என்பதிலிருந்து ஆரம்பித்தாள். அந்தத் தொடர் வருகிற ராத்திரி தெருவில் நாய்கூட நடமாடாது என்று சொன்னாள். மறுநாள் பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை கேட்டால் அவர் கண்ணாடியைக் கழற்றுவார், கண்ணாடி போடாத கண்டக்டராக இருந்தால் காற்றைக் கழற்றுவார் என்று சொன்னாள். பல்பொடி விளம்பரத்தில் அதே நடிகரே வந்து, "இதை மட்டும் கேட்டு வாங்குங்க, மத்ததெல்லாம் கேட்காதீங்க" என்று திருப்பிப் போட்டதையும், அதைக் கேட்டு ஊர் இன்னொரு தடவை சிரித்ததையும் சொன்னாள். டாக்டர் நடுவில் கையைத் தூக்கி, "பல்பொடின்னா?" என்றாள்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலில் ஏதோ குலுங்கியது. மரப்பலகை விழுந்து மண்டை உடைந்த தச்சர் ஒருவர் அங்கே படுத்திருந்தார். தம்பிக்கு ஒத்த வயசு. அவர் வாயில் போர்வையைத் திணித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சுடும்!" என்று நர்ஸ் ஓடினாள்.

"முடியலம்மா," என்றார் தச்சர். "முதல் தடவை அவர் கையைத் தூக்கினதுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. எத்தனை வருஷம் ஆச்சு அதைப் பார்த்து!"

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாருங்க, டாக்டரம்மா! நான் கதை விடல. சாட்சி இருக்கு!"

"சாட்சியும் தலையில அடிபட்டவரா இருக்காரே," என்றாள் டாக்டர். ஆனால் அவள் உதட்டோரம் லேசாக நெளிந்தது.

தச்சர் விடவில்லை. "அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க சொல்றது நோட்டீஸ் படிக்கிற மாதிரி இருக்கு. அதைச் சொல்லக் கூடாது, செஞ்சு காட்டணும். செஞ்சு காட்டுங்க, இந்தப் பொண்ணுக்குப் புரியும்."

அக்கா சுற்றும்முற்றும் பார்த்தாள். வார்டு முழுக்க அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கோர்ட்டிலிருந்து யாராவது இப்போது உள்ளே வந்தால், இது தங்கள் தட்டச்சர்தானா என்று சத்தியம் பண்ணச் சொல்வார்கள். அவள் தம்பியைப் பார்த்தாள். கட்டுக்குக் கீழே அந்த முகம் சின்னதாகிப் போயிருந்தது. தலையெழுத்தே என்று தன் கண்ணாடியைக் கழற்றினாள்.

செய்தாள். முழுசாகச் செய்தாள். கைக்குட்டையை எடுத்து ஒரு கண்ணாடி, மறு கண்ணாடி. வெளிச்சத்தில் தூக்கி ஊதினாள். மாட்டினாள். வார்டு சுவரில் இல்லாத கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை, தொண்டையைச் செருமி, மூக்கால் பேசுகிற அந்தப் பழைய குரலில், "அதை மட்டும் கேட்காதீங்க. மத்ததெல்லாம் கேளுங்க!" என்றாள். முப்பத்தைந்து வருஷமாகப் பிடிக்காது, பிடிக்காது என்று சொன்னவளுக்கு அந்த ஆளின் இமைத் துடிப்பு முதற்கொண்டு மனப்பாடமாக இருந்தது.

எதிர்க்கட்டிலுக்கு வந்திருந்த யாரோ கைதட்டினார்கள். நர்ஸ் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"தப்பு" என்றான் தம்பி.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"எதுடா தப்பு?"

"கைக்குட்டை இல்லக்கா. கொடி. மேசை மேல கொடி இருக்கும், அதுலதான் துடைப்பாரு."

"ஆமா, ஆமா!" என்றார் தச்சர். "பச்சைக் கொடி!"

"சிவப்பு."

"பச்சைங்க. நான் பார்த்தேன்."

"ஒரு நிமிஷம்," என்று டாக்டர் குறுக்கிட்டாள். "கருப்பு வெள்ளை டிவின்னு சொன்னீங்களே. கலர் எப்படித் தெரிஞ்சுது?"

தச்சர் அக்காவைப் பார்த்தார். அக்கா தச்சரைப் பார்த்தாள். தம்பிதான் சொன்னான், ஒரு தடங்கல் இல்லாமல், கடகடவென்று: "ஒரு தடவை ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, ஏன்யா கொடியில துடைக்கிறேன்னு கேப்பாரு. அதுக்கு இவரு, பச்சைக் கொடியை ஆட்டினா வண்டி கிளம்பிடும் சார், அதான் சிவப்புல துடைச்சேன்னு சொல்வாரு. அந்த நேரம் பார்த்து வெளியே வந்துட்டிருந்த வண்டி நடுவழியிலயே நின்னுடும்."

டாக்டர் சிரித்துவிட்டாள். உதட்டால் இல்லை, வாய்விட்டு. சிரித்துவிட்டு, டாக்டர் சிரிக்கலாமா என்று நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் அதற்கு முன்னாலேயே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு ஞாபகம் இருக்கிறவருக்குக் குழப்பம்னு எழுதினா என்னைத்தான் இங்கே படுக்க வைக்கணும்," என்றாள் டாக்டர். "சார், இவங்க யாரு?"

"எங்க அக்கா. கோர்ட்டு."

"உங்க பேரு?"

சொன்னான். சரியாகவே சொன்னான். அதற்குள் டாக்டரின் போன் அடித்தது. விபத்துப் பிரிவில் அவசரமாக யாரோ வந்திருக்கிறார்களாம். "பையைக் கட்டிக்குங்கம்மா. நான் வந்து கையெழுத்துப் போட்டுடறேன். டிரைவிங் ஸ்கூலுக்கும் எழுதித் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். வாசல் தாண்டும்போது அவள் இல்லாத கண்ணாடியை ஒரு தடவை கழற்றியதை அக்கா பார்த்தாள். ஐயோ, இது இனி இன்னொரு தலைமுறைக்கும் ஒட்டிக்கொள்ளப் போகிறது.

ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அக்காவுக்குக் கைகால் நிற்கவில்லை. துண்டை மடித்தாள், சோப்புப் பெட்டியைத் துடைத்தாள், செருப்பைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். வாய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. "உன்னால இன்னைக்கு நான் நாடகக்காரி ஆயிட்டேன்டா. நாளைக்கு நீதிபதி கேட்டா என்ன சொல்வேன்? அதை மட்டும் கேட்காதீங்கன்னு சொல்லட்டுமா? உனக்குச் சம்பளம் வந்ததும் எனக்கு நடிப்புக்கூலி குடுத்துடணும், ஆமா." தம்பி மெல்லப் புன்னகை செய்தான்.

இத்தனை வருஷத் தொழில் ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்திருந்தது அவளுக்கு. எந்தப் பேச்சு முடிந்தாலும் மனசுக்குள் அதைத் தட்டச்சு அடித்துப் பார்த்துவிடுவாள். கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி. இப்போதும் சட்டையை மடித்துக்கொண்டே, கொஞ்சம் பெருமையாகவே, அடித்துப் பார்த்தாள். கேள்வி: இது எந்த வருஷம்? கேள்வி: எங்கே இருக்கீங்க? கேள்வி: எப்படி அடிபட்டுது? பதில் என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. கோர்ட்டில் சாட்சி இப்படிச் சுற்றி வளைத்தால் நீதிபதி கண்ணைக்கூட உயர்த்தாமல் சொல்வார், பதில் இல்லை என்று பதிவு செய்யுங்கள் என்று. மூன்று கேள்வி, மூன்றுக்கும் பதில் இல்லை. பிறகு எல்லாரும் சிரித்ததில் அந்தக் கேள்விகளை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

 அந்த ஜன்னல் ஆள் எப்போது அதைச் சொல்வார் என்று டாக்டருக்குப் பாடம் எடுத்தது யார்? அவளேதான். ஒன்றும் தெரியாது, தெரியாது என்று ஒத்துக்கொள்ள வெட்கம் என்று தன் வாயாலேயே சொன்னாள். இன்னொன்றும் உறைத்தது. தம்பி இந்த ஜோக்கை ஒரு நாளும் ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை; கண்ணாடி துடைக்கும்போதே அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும். இன்று மூன்று தடவை சொன்னான். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

மடித்த சட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "டேய். ஜோக் வேணாம். நேத்து உன்னைப் பார்க்க யாரு வந்தா?"

தம்பியின் கை காதோரத்துக்குப் போனது. அவள் அந்தக் கையைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடியெல்லாம் வேணாம். சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காத குரலில், "தெரியலக்கா," என்றான்.

"எதுல இருந்து விழுந்தே?"

"தெரியல. நீங்க எல்லாம் ஏணி ஏணின்னு பேசிக்கிறீங்க. எனக்கு வரமாட்டேங்குது. பழசெல்லாம் பளிச்சுன்னு வருது. இங்கே நடக்கிறது நிக்க மாட்டேங்குது. காலையில இருந்து ரொம்ப மோசம். தலை வேற விண்விண்ணுங்குது."

"ஏண்டா பாவி சொல்லல?"

"சொன்னா வண்டியில உக்கார விட மாட்டாங்க." அவன் போர்வை நுனியைத் திருகினான். "சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ அவ்வளவு அழகா எடுத்துச் சொன்னியா… கேக்கக் கேக்க, நான் நல்லாத்தான் இருக்கேன்னு எனக்கே தோணிப் போச்சு."

அக்காவுக்கு அழுகை, கோபம், தன்மேல் ஒரு எரிச்சல், எல்லாம் சேர்ந்து வந்தது. எழுந்தாள். அவன் அவள் முந்தானையைப் பிடித்தான். "அக்கா, போகாதே. என் வேலை போயிடும்க்கா."

"போனாப் போகுது, போடா" என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

விபத்துப் பிரிவு கீழ்த்தளத்தில். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், அவசரம் ஆபத்து என்று தெரிந்தும், படியில் ஓடினாள். டாக்டர் அப்போதுதான் கையுறையைக் கழற்றிவிட்டு மேசையில் உட்கார்ந்து காப்பியை வாய்க்குக் கொண்டுபோனாள். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்னம்மா, இன்னொரு எபிசோடா?"

"ஜோக்கை நான் சரியாத்தான் சொன்னேன், டாக்டரம்மா," என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "அவன் ஜோக் அடிக்கல. அவனுக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியல. நேத்து நடந்ததே தெரியல. வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சிருக்கான். நானும் கூட நின்னு நடிச்சிருக்கேன்."

டாக்டர் காப்பியை வைத்த வேகத்தில் அது மேசையில் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. போனில் ஸ்கேன் அறையைக் கூப்பிட்டுக்கொண்டே எழுந்தாள். உள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்திருக்கலாம், முதல் நாள் தெரியாமல் இருந்து பின்னால் தெரிவது உண்டு, சீக்கிரம் பார்த்துவிட்டால் சரிசெய்துவிடலாம் என்று படியேறும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். 'சீக்கிரம்' என்ற வார்த்தையை மட்டும் அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தம்பியைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றி நடைவழியில் உருட்டிக்கொண்டு போனார்கள். அக்கா கூடவே ஓடினாள். அவன் கண்கள் விளக்குகளைத் தாண்டித் தாண்டி அவளைத் தேடின.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

திட்டுவான் என்று நினைத்தாள். ஏதாவது குத்தலாகச் சொல்வான் என்று நினைத்தாள். அவன் அவள் விரல்களை எட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி,

"அப்பாடா," என்றான்.